செக்கேரா பிளாட்ஃபார்ம்: பச்சை நிறத்தை எவ்வளவு நம்பலாம்?

நெக்ஸ்ட்ஃப்ளோ என்பது மரபணு வரிசைத் தரவை அலசும் பைப்லைன்களை (ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் நிரல்களின் தொடர்) இயக்கும் மென்பொருள். அதன் ரன்களை உலாவியில் கண்காணிக்க உதவும், நெக்ஸ்ட்ஃப்ளோ டவர் என்று முன்பு அழைக்கப்பட்ட வலைச்செயலிதான் இன்றைய செக்கேரா பிளாட்ஃபார்ம். இணைப்பது எளிது. டோக்கன் (உங்கள் கணக்கை அடையாளம் காட்டும் சாவி) எடுத்துச் சூழல் மாறியில் வைத்துவிட்டு, ரன் கட்டளையோடு 'வித்-டவர்' ஆப்ஷனைச் சேர்த்தால் போதும்; பைப்லைன் கோடில் கைவைக்கத் தேவையில்லை. குழுவின் பொது இடமான வொர்க்ஸ்பேஸின் ஐடியையும் மறக்காமல் கொடுங்கள். இல்லையென்றால் ரன் உங்கள் தனிக்கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், குழுவில் மற்றவர்களுக்குத் தெரியாது.

இதில் மிகவும் பிடித்தது, பைப்லைனின் ஒவ்வொரு வேலையையும் தனி வரியில் காட்டும் டாஸ்க் அட்டவணை. பல சாம்பிள்களில் ஒன்று மட்டும் எக்ஸிட் கோட் (நிரல் முடியும்போது தரும் எண்) 137 காட்டி விழுந்தால், அதைத் தேடி லாக் ஃபைல்களைத் துழாவ வேண்டாம். 137 என்றால் இயங்குதளம் அந்த புராசஸைக் கொன்றுவிட்டது. பெரும்பாலும் மெமரி போதாமைதான் காரணம். கேட்ட மெமரியையும் உச்சத்தில் எடுத்த மெமரியையும் அங்கேயே ஒப்பிடலாம். மரபணு மாற்றங்களைக் கண்டறியும் ஜிஏடிகே போன்ற ஜாவா கருவிகளில், டாஸ்க்கின் மொத்த மெமரியையும் ஹீப்புக்கே (ஜாவா தன் தரவை வைக்கும் மெமரிப் பகுதி) ஒதுக்கினாலும் இதே கதிதான், ஏனென்றால் ஹீப்புக்கு வெளியேயும் ஜாவாவுக்கு இடம் வேண்டும். என்எஃப்-கோர் என்ற சமூகம் எழுதிப் பகிரும் நெக்ஸ்ட்ஃப்ளோ மாட்யூல்கள் 80 சதவீதத்தை மட்டும் ஹீப்புக்குக் கொடுப்பது இதனால்தான். அளவைத் திருத்தி 'ரெஸ்யூம்' போட்டு ஓட்டினால், முடிந்த டாஸ்க்குகள் கேஷிலிருந்து வரும்.

சொந்த கிளஸ்டரின் (பல கணினிகளின் தொகுப்பு) டெர்மினலில் தொடங்கிய ரன்களுக்கு டாஸ்க் லாக்கை உலாவியில் படிக்க முடியாது. வொர்க் டைரக்டரியின் பாதையை எடுத்துக்கொண்டு கிளஸ்டருக்குத்தான் போக வேண்டும். பிளாட்ஃபார்ம் காட்டும் செலவு மதிப்பீடு கணினி ஓடும் நேரத்துக்கு மட்டுமே. ஸ்டோரேஜ் அதில் சேராது.

பைப்லைன் தானாகவே தொடங்கும்படி அமைத்த ஆய்வகங்கள் கவனிக்க வேண்டியது வேறு. டிஎன்ஏவைப் படிக்கும் கருவியான சீக்வென்சர் வேலையை முடித்தும் பைப்லைன் தொடங்காமலே போனால் திரையில் எதுவும் வராது, எச்சரிக்கையும் கிடையாது. சீக்வென்சரின் ரன் ஃபோல்டரில் 'காப்பி கம்ப்ளீட்' ஃபைல் வந்த பிறகும் அதற்குரிய பைப்லைன் ரன் பிளாட்ஃபார்மில் பதிவாகவில்லை என்றால் மின்னஞ்சல் அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைத் தனியாக வைத்தே ஆக வேண்டும்.

ரன் வெற்றி என்று திரை காட்டும் பச்சை நிறத்துக்கும் ஒரு எல்லை உண்டு: எக்ஸிட் கோட் பூஜ்யம், அதாவது நிரல் பிழை காட்டாமல் முடிந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. சாம்பிள் ஷீட்டில் ஐ5 இண்டெக்ஸை (எந்த சாம்பிள் என்று காட்டும் குறுகிய டிஎன்ஏ வரிசைகளில் ஒன்று) தவறுதலாகத் தலைகீழ் நிரப்பு வரிசையில் கொடுத்துவிட்டால், தரவைச் சாம்பிள் வாரியாகப் பிரிக்கும் டீமல்டிபிளெக்ஸிங் பிழையில்லாமல் முடியும். ஆனால் ரீடுகளில் (சீக்வென்சர் படித்த டிஎன்ஏ துண்டுகள்) பெரும்பகுதி, எந்த சாம்பிள் என்று தெரியாதவை சேரும் 'அன்டிடர்மைண்ட்' ஃபைலுக்குப் போயிருக்கும். குறைந்தபட்ச ரீடு எண்ணிக்கையைச் சோதித்து, குறைந்தால் வேண்டுமென்றே தோல்வியடையும் ஒரு புராசஸைப் பைப்லைனிலேயே சேருங்கள். எல்லா சாம்பிள்களின் தரச் சோதனைகளையும் ஒரே பக்கத்தில் தொகுக்கும் மல்டிகியூசி அறிக்கையை 'டவர் டாட் ஒய்எம்எல்' ஃபைலில் குறிப்பிட்டால் ரிப்போர்ட்ஸ் பகுதியிலேயே திறக்கும்; தினமும் முதலில் பார்க்க வேண்டிய பக்கம் அது.

மருத்துவ மாதிரிகளைக் கையாள்பவர்களுக்கு இன்னொன்று. சீக்வென்ஸ் தரவு செக்கேராவுக்குப் போகாது என்றாலும், டாஸ்க் பெயர்களும் பாராமீட்டர்களும் போகும். சாம்பிள் ஐடியில் நோயாளியின் பெயரோ பதிவு எண்ணோ இருக்கக் கூடாது.