விபத்துக்கு முன்பணம் கேட்டால் உஷார்! 60,000 ரூபாய் போச்சு

60,000 ரூபாய். தங்கச்சி தாலிச்செயினை அடகு வைத்துக் கட்டிய பணம். இன்று காலையும் ஆஸ்பத்திரியில் "அது வராது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயிறு எரிகிறது.

வில்லுக்குறி பக்கம் தங்கச்சி மாப்பிள்ளை பைக்கை ஒரு டெம்போ இடித்துத் தொடை எலும்பு முறிந்தது. நாங்கள் 108-ஐக் கூப்பிடும்போதே ஒரு தனியார் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போகச் சொன்னோம். "அங்க ஒரே கூட்டம் அண்ணே, நான் கொண்டுபோற ஆஸ்பத்திரியில 48 திட்டமும் உண்டு" என்றார் டிரைவர். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் தமிழக அரசுத் திட்டத்தைத்தான் சொன்னார். ஊர்ப் பெயரும் ஆஸ்பத்திரிப் பெயரும் வேண்டாம். நடுத்தரமான தனியார் ஆஸ்பத்திரி.

கவுண்டரில் இருந்த பெண் தங்கச்சியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். "பேடிக்காதீங்க அக்கா, இப்ப அட்வான்ஸ் கட்டுங்க. திட்டத்துப் பணம் வந்ததும் அப்படியே திருப்பித் தருவோம்." அந்தப் பேச்சை நம்பித்தான் 60,000 கட்டினோம். ரசீதில் 'முன்பணம்' என்ற ஒரே சொல். எதற்கு என்று இல்லை, திட்டத்தின் பெயரும் இல்லை.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு கேட்டால், திட்டம் பார்க்கிற சார் லீவு. அப்புறம் மேனேஜரைப் பாருங்கள் என்றார்கள். அவரோ, "48 மணி நேரம் தாண்டிப் போச்சே, இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்கிறார். தாண்டும்வரை வாயைத் திறக்காதது யார்?

'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' 2021 டிசம்பரில் வந்தது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கும்போதே 81 வகைச் சிகிச்சைகள், ஒரு லட்சம் வரை. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. அரசே ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும். நாம் கட்டிவிட்டுத் திரும்ப வாங்கும் ஏற்பாடே அதில் இல்லை. 2025 மே மாதம் மத்திய அரசும் 7 நாளுக்கு ஒன்றரை லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை அறிவித்தது. இதெல்லாம் தெரிந்தேதான் 60,000 வாங்கியிருக்கிறார்கள்.

தானாக வந்து நிற்கும் வண்டியில் ஏற்றாதீர்கள், 108-க்குக் காத்திருங்கள். அட்மிஷன்போதே இந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். போலீசுக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.

திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறேன். இதே மாதிரி பணம் கட்டியவர்கள் ரசீதோடு வாருங்கள்.