மெட்டீரியல் நாமளே வாங்கித் தர்றதா, கான்ட்ராக்டர்கிட்டயே விட்டுடுறதா?

வீட்டு வேலைக்கு ஆள் பேசுறப்போ முதல் இழுபறியே இதுலதான். "பொருள் நான் வாங்கித் தரேன், கூலி மட்டும் சொல்லுங்க"ன்னா அவர் மூஞ்சி சுருங்கும், "எல்லாம் நீங்களே பாத்துக்கோங்க"ன்னா என்னத்த கொண்டுவந்து போடுவாரோன்னு நமக்கு தூக்கம் வராது.

நாமளே வாங்கினா அவர் வைக்கிற மார்ஜின் மிச்சம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா கடைக்கு அலையுறது, லோடு இறங்குறப்போ எண்ணிப் பாக்குறது, உடைஞ்சத மாத்துறது, மீந்தத திருப்பி எடுத்துக்க வைக்கிறது எல்லாம் அந்த மார்ஜினுக்குள்ளதான் இருக்கு, அதெல்லாம் அப்புறம் நம்ம தலையில விழும். ஒரு மூட்டை டைல்ஸ் பசை குறைஞ்சு வேலை நின்னாலும் அன்னைக்கு கூலிய யார் குடுக்குறதுன்னு பேச்சு வரும். அதோட அடிக்கடி வாங்குறவருன்னு கடைக்காரர் அவருக்குப் போடுற விலை நமக்கு கிடைக்காது, அதனால மிச்சம்னு நினைச்சதுல பாதி அங்கயே கரைஞ்சிடும்.

இதையெல்லாம் விட பெரிய விஷயம், நாளைக்கு ஒழுகினா யார் பொறுப்பு? பைப் நாம வாங்கினதுன்னா "சரக்கு சரியில்ல"ம்பார், கடைக்காரர் "ஒட்டுனது சரியில்ல"ம்பார், செவுத்த உடைச்சு மறுபடி பூசுற செலவு நம்மளோடது. சிபிவிசி பைப்புக்கு (சுடுதண்ணி தாங்குற பிளாஸ்டிக் பைப்) அதுக்குன்னு உள்ள சால்வென்ட், அதாவது ஒட்டுற பசைதான் போடணும், சாதா பிவிசி பசைய போட்டா ஜாயின்ட் நிக்காது, இந்த மாதிரி விஷயத்துல பொருளும் வேலையும் ஒரே ஆள் கையில இருந்தா சாக்கு சொல்ல வழியில்ல.

அதனால என் கட்சி இதுதான்: செவுத்துக்குள்ள போற பைப், வயர், வாட்டர்ப்ரூஃபிங், சிமென்ட் எல்லாம் அவரே வாங்கட்டும், கண்ணுக்குத் தெரியுற டைல்ஸ், லைட், கைப்பிடி, பெயின்ட் கலர் இதெல்லாம் நாம. டைல்ஸ் வாங்குறப்போ வெட்டுல போறதுக்கு 10 சதவீதமாவது கூட வாங்குங்க, மூலைவாட்டமா சாய்ச்சு பதிக்கிறதா இருந்தா 15. எல்லா பெட்டியிலயும் பேட்ச், ஷேடு நம்பர் ஒண்ணான்னு பாருங்க, பத்தலன்னு அப்புறம் போனா அதே டிசைன் கிடைக்கும், அதே ஷேடு கிடைக்காது. ஷவர் டைவர்ட்டர் (தண்ணிய ஷவருக்கும் குழாய்க்கும் மாத்திவிடுற வால்வு) மட்டும் ரெண்டுங்கெட்டான் கேஸு, பாடி செவுத்துக்குள்ள, மூடி வெளிய, அதுக்கேத்த மாடல் இல்லன்னா பொருந்தாது, அதை யார் வாங்கினாலும் செட்டா ஒருத்தரே வாங்கணும்.

கான்ட்ராக்டர்கிட்ட விடுறதுலயும் வம்பு இல்லாம இல்ல. கொட்டேஷன்ல "நல்ல கம்பெனி வயர்"னு எழுதிட்டு எதையாவது இழுத்துடலாம், அதனால கம்பெனி பேரு, கிரேடு, சைஸு (வயர்னா எத்தனை சதுர மில்லிமீட்டர்னு) எழுதி வாங்குங்க, பில் காப்பி கேளுங்க, பூசுறதுக்கு முன்னாடி பைப் லைன், வயரிங் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. இதுக்கே மூஞ்சி காட்டுறார்னா வேற ஆள் பாக்குறது உத்தமம்.