ரெடிஸா, வால்கீயா?

தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் தரவுத்தள மென்பொருள் ரெடிஸ். 2024 மார்ச்சில் அது, யாரும் தாராளமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் பிஎஸ்டி உரிமத்தைக் கைவிட்டது. அதே மாதம் ரெடிஸின் 7.2.4 பதிப்பிலிருந்து பிரிந்து, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ், பழைய பிஎஸ்டியோடு வால்கீ பிறந்தது. 2025 மே மாதம் ரெடிஸ் 8-இல் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமமும் ஒரு தெரிவாக வந்தது. அதன்படி, நிரலை மாற்றி இணையச் சேவையாக வழங்கினால், மாற்றிய மூலநிரலைப் பயனருக்குத் தர வேண்டும்; மாற்றாமல் ஓட்டுவோருக்கு இதில் பயமில்லை.

வால்கீக்கு மாறுவதானால் ரெடிஸ் 7.2-இல் இருக்கும்போதே மாறுங்கள். சேவையை நிறுத்தி, ரெடிஸ் தன் தரவைச் சேமித்து வைக்கும் ஆர்டிபி கோப்பை வால்கீயின் தரவு அடைவில் வைத்தால் போதும். 7.4-க்கு ஏறிவிட்டால் கோப்பின் வடிவ எண் 11-லிருந்து 12 ஆகிவிடும். வால்கீ இயல்பு அமைப்பில் அதைத் திறக்காது.

என் தேர்வு வால்கீதான். அங்கே பதிப்புரிமை பங்களித்தவர்கள் பலரிடம் சிதறிக் கிடக்கிறது. தனி நிறுவனம் ஒன்று நினைத்தவுடன் உரிமத்தை மாற்றிவிட முடியாது.