கணக்கு மென்பொருளும் போட்டோ பிரிண்டும்: இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகு

நீண்ட நாளாகத் தள்ளிப்போட்டு வந்த வேலைகள் இரண்டு. ஒன்று, வரவு செலவை ஒழுங்காக ஓரிடத்தில் எழுதுவது. இன்னொன்று, கைபேசியில் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும் படங்களில் நல்லவற்றையாவது பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வைப்பது. இரண்டையும் சேர்த்தே ஆரம்பித்தேன். இரண்டுக்கும் நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: பத்து வருடம் கழித்தும் இது என் கையில் இருக்குமா?

முதலில் கணக்கு. கைபேசி செயலி ஒன்றை ஒரு மாதம் பயன்படுத்தினேன், பெயர் வேண்டாம். பார்க்க அழகு, வண்ண வண்ணமாக வட்டப்படங்கள், செலவைப் பதிவதும் சுலபம். ஆனால் மாதக் கடைசியில் செலவு நிஜத்தை விட மிக அதிகமாகக் காட்டியது. தேடிப் பார்த்தால், கிரெடிட் கார்டில் பொருள் வாங்கியபோது ஒரு தடவை, அந்த கார்டு பில்லை வங்கிக் கணக்கிலிருந்து கட்டியபோது இன்னொரு தடவை என்று ஒரே பணத்தை இரண்டு செலவாக எண்ணியிருக்கிறது. கையால் திருத்த முடிந்தது, ஆனால் ஒவ்வொரு மாதமும் திருத்த வேண்டும். அதைவிடப் பெரிய குறை, எழுதியதை ஃபைலாக வெளியே எடுக்கும் வசதி அதில் இல்லை. இது சின்ன விஷயம் இல்லை. மைக்ரோசாஃப்ட் மணி என்ற கணக்கு மென்பொருளின் விற்பனை 2009இல் நின்றது, இன்ட்யூட் நிறுவனம் மின்ட் என்ற வரவு செலவுக் கணக்குச் சேவையை 2024 மார்ச்சில் மூடியது. பெரிய நிறுவனங்களின் மென்பொருளுக்கே இந்தக் கதி என்றால், நம் கணக்கு நம்மிடம் ஒரு ஃபைலாக இருக்க வேண்டும் என்பதில் நான் சமரசம் செய்ய மாட்டேன்.

அப்புறம் க்னூகேஷ் (GnuCash) என்ற கணக்கு மென்பொருளுக்கு வந்தேன். இலவசம், திறமூல மென்பொருள் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இது இரட்டைப் பதிவு முறை, அதாவது பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு பக்கமும் சொல்லியாக வேண்டும். கார்டு பில் கட்டினால் வங்கியில் குறைகிறது, கடனும் அதே அளவு குறைகிறது, செலவில் எதுவும் ஏறாது. முந்தின செயலியில் நான் திண்டாடிய விஷயம் இங்கே எழவே இல்லை. பழக எனக்கு ஒரு வாரம் பிடித்தது, கணக்குப் பாடமே படிக்காதவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகலாம், ஆனால் அந்த ஒரு வாரத்தைக் கொடுப்பது தகும். வங்கி ஸ்டேட்மென்டை சி.எஸ்.வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) ஃபைலாக இறக்கி உள்ளே ஏற்றினேன். எந்தப் பதிவு எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்று முதலில் நாமே காட்ட வேண்டும், அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்த தடவைகளில் தானே ஊகிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டு ஒவ்வொரு வரியாக டிக் அடிக்கும் வசதி. கடைசியில் வித்தியாசம் பூஜ்யம் என்று வரும்போது மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது! தோற்றம் பழைய பாணி, அதை எதிர்பார்த்தே போங்கள். வெளியே நின்றபடியே கைபேசியில் செலவை எழுத நினைப்பவர்களுக்கும் இது தோதுப்படாது, இது கணினிக்கான மென்பொருள்.

சரி, போட்டோவுக்கு வருவோம். ஒரே இருபது படங்களை மூன்று ஆன்லைன் சேவைகளுக்கு அனுப்பி, எல்லாவற்றையும் 4க்கு 6 அங்குலத்தில் கேட்டேன். முதலாவதில் வந்த கவரைப் பிரித்ததும் வருத்தம்தான். கைபேசிப் படம் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் இருக்கும், 4க்கு 6 தாளோ 3:2. முழுத் தாளையும் நிரப்ப வேண்டுமென்றால் எங்காவது வெட்டியாக வேண்டும். 4032க்கு 3024 பிக்சல் படத்தில் 336 வரிசைகள் போய்விடும், அதாவது குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. அந்தச் சேவை எங்கே வெட்டப்போகிறது என்று முன்கூட்டிக் காட்டவும் இல்லை, நடுவை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டது. குடும்பப் படத்தில் பின்வரிசையில் நின்றவர்களின் நெற்றி பாதி இல்லை. திரும்ப எடுக்க முடியாத படம் அது.

இரண்டாவதில் கிராப் கட்டத்தை நாமே நகர்த்தலாம், வெள்ளை பார்டரோடு முழுப் படமும் கேட்கலாம், நான் பார்டர்தான் கேட்டேன். தாளும் நன்றாக இருந்தது. ஆனால் நிறத்தையும் வெளிச்சத்தையும் தானே திருத்தும் ஆட்டோ கரெக்‌ஷன் முதலிலேயே ஆன் செய்யப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை, அந்தி வெளிச்சத்தில் எடுத்த படங்களைப் பட்டப்பகல் ஆக்கிவிட்டார்கள். மூன்றாவதில் அதையும் அணைத்துவிட்டு அனுப்பினேன், நிறம் அப்படியே வந்தது. கைபேசித் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு பிரிண்ட் இருட்டாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள், திரை தானே ஒளிரும், தாள் ஒளிராது. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அப்படித்தான் கையில் வரும்.

தெளிவு பற்றியும் சொல்ல வேண்டும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான கணக்கு, 4க்கு 6 தாளுக்கு 1200க்கு 1800 இருந்தால் போதும், எந்தக் கைபேசிப் படமும் தாங்கும். சிக்கல் வாட்ஸப்பில் சுருங்கி வந்த படங்களில்தான். அப்படி வந்த ஒன்றில் நீளம் 1600 பிக்சல், சின்ன அளவில் நன்றாகவே இருந்தது. அதையே 8க்கு 12 கேட்டபோது அங்குலத்துக்கு 133 பிக்சல்தான் கிடைத்தது, முகங்கள் குழைந்துபோயின. பெரிதாகப் போட வேண்டுமென்றால் எடுத்தவரிடமே அசல் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்.

தாளில் என் ஓட்டு பளபளப்பில்லாத ‘மேட்’ (matte) வகைக்கு. பளபளப்பான கிளாஸியில் நிறம் துள்ளும், ஆனால் நாலு பேர் கை மாறினால் விரல் ரேகை அப்பிக்கொள்கிறது, ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் வகை இல்லாத உறையாகப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது சேவையில் நான் எதிர்பாராத ஒன்று, படத்தின் பின்புறத்தில் எடுத்த தேதியையும் ஃபைல் பெயரையும் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு ஃபைல் பெயர்களை மாற்ற ஆரம்பித்திருக்கிறேன், படத்தில் யார் யார் என்று பெயரிலேயே எழுதி அனுப்பினால் அதுவும் பின்னால் வந்துவிடும். அடுத்த நாற்பது படங்களுக்கு இப்போது அந்த வேலைதான் நடக்கிறது.