‘தூத்துக்குடி - கோவை 50 நிமிடம்’ என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள்: ₹14,680 போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரம், பறக்கும் நேரம் எல்லாம் காட்டி, கீழேயே டிக்கெட்டும் விற்கும் தளங்கள் இருக்கின்றனவே, அப்படி ஒன்றில்தான் ₹14,680 போனது.

அம்மாவுக்கு முதுகு வலி. கோவையில் டாக்டரைப் பார்க்க வேண்டும். 350 கிலோமீட்டர் சாலையில் அவரால் உட்கார்ந்து வர முடியாது. அந்தத் தளத்தில் வாகைக்குளத்திலிருந்து (தூத்துக்குடி விமான நிலையம்) பீளமேட்டுக்கு (கோவை விமான நிலையம்) நீலக் கோடு ஒன்று நேராகப் போட்டு, ‘277 கி.மீ., 50 நிமிடம்’ என்று இருந்தது. அது வெறும் கணக்கு. நேர்கோட்டுத் தூரத்தை ஜெட் வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துப் போடுகிறார்கள். அப்படி ஒரு விமானம் ஓடுகிறதா என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை.

டிக்கெட் பக்கம் போனால் ‘சென்னை வழி’ என்று வந்தது. சந்தேகமாக இருந்ததால் அவர்களுடைய எண்ணுக்கே போன் போட்டேன். “ஒரே புக்கிங்தான் சார், லக்கேஜ் நேரா கோவைல எடுத்துக்கலாம். அம்மாவுக்கு வீல்சேரும் போட்டுடறேன்” என்றார் அந்தப் பெண். அவ்வளவு அக்கறையாகப் பேசினால் யார்தான் நம்ப மாட்டார்கள்? இரண்டு பேருக்கு ₹14,680 கட்டினேன்.

தூத்துக்குடியிலேயே விமானம் தாமதம். சென்னையில் இறங்கினால் பெட்டி பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே புக்கிங் இல்லை, இரண்டு தனித்தனி டிக்கெட்! பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டுமாம். அம்மாவை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போவதற்குள் கவுண்ட்டரை மூடிவிட்டார்கள். “இது வேற பி.என்.ஆர். சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்கள். பி.என்.ஆர். என்றால் புக்கிங் எண்.

இரவு கிளாம்பாக்கத்தில் ஸ்லீப்பர் பஸ் பிடித்தோம். ஊரிலிருந்து 350 கிலோமீட்டர் முடியாது என்றுதான் விமானமே. கடைசியில் அம்மா பஸ்ஸில் போனது 500 கிலோமீட்டர்!

அப்புறம் ஆரம்பித்தது பந்தாட்டம். தளத்தைக் கேட்டால் விமான நிறுவனத்தைக் கேள் என்கிறார்கள், அங்கே கேட்டால் டிக்கெட் விற்றவர்களைக் கேள் என்கிறார்கள். சாட்டில் ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று சொல்லிவிட்டு அவர்களே மூடிவிடுகிறார்கள். ஒரு மேலதிகாரி மட்டும், “முதல் விமானத்துல போனீங்கல்ல சார், அதுக்கு எப்படிப் பணம் கேக்கறீங்க?” என்றார். சென்னையில் எனக்கு என்ன வேலை? ₹14,680-க்குப் பதில் அடுத்த பயணத்துக்கு ₹300 கூப்பன் தருகிறார்களாம்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. கிலோமீட்டரையும் நிமிடத்தையும் பார்த்து நேர் விமானம் என்று நினைக்காதீர்கள். சென்னை வழியாகப் பறந்தால் இதே பயணம் 900 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பி.என்.ஆர். வந்தால் வாங்கவே வாங்காதீர்கள். போனில் சொல்வதை மெயிலில் கேளுங்கள். விமானத்தைத் தவறவிட்டாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) விதி இருக்கிறது, விடாமல் கேளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால், பணம் திரும்ப வந்ததா என்று கீழே சொல்லுங்கள்.