ஹனிவெல் எச்.சி.எம்-350: பெட்டியை வாங்கும் முன் பில்ற்றரைப் பாருங்கள்

"புகை ஒன்றும் வரவில்லையே, பழுதோ?" அறைக் காற்றுக்கு ஈரமூட்டும் இந்த ஹியூமிடிபயரை வாங்கியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பழுதில்லை. இது ஆவியாக்கும் வகை. தாங்கியிலிருந்து அடித்தட்டுக்கு இறங்கும் தண்ணீரை வளைந்த கடதாசி பில்ற்றர் உறிஞ்சி மேலே இழுக்கிறது. அறைக் காற்றை விசிறி அந்த ஈரத்தினூடாக இழுத்து வெளியே தள்ளுகிறது. வருவது கண்ணுக்குத் தெரியாத நீராவி, அதனால் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. காற்று வரும் வாயில் கையை வைத்தால் அறையை விடக் கொஞ்சம் குளிராக இருக்கும். அது இருந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

புகை கக்கும் அல்ட்ராசொனிக் பெட்டிகள் தண்ணீரைத் துளிகளாக உடைத்து வீசுபவை. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் சேர்ந்து பறந்து, ரீவீ மேலும் மேசை மேலும் வெள்ளைத் தூளாகப் படியும். காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்கி ஊற்றினால்தான் அது நிற்கும். எச்.சி.எம்-350க்குக் குழாய்த் தண்ணீர் போதும். ஆனால் அந்தச் சுண்ணாம்பு எங்கேயும் மறைந்துவிடுவதில்லை, பில்ற்றரில் தங்குகிறது. இந்தப் பெட்டியோடு வரும் வேலை முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ரொறன்ரோவுக்கு வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர். ஒரு லீற்றரில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பு. நாளொன்றுக்கு ஒரு தாங்கி, அதாவது 4 லீற்றர் ஆவியானால் அரைக் கிராம் கல் மிஞ்சும். ஒரு மாதத்தில் 14 கிராம், ஒரு மேசைக்கரண்டி நிறையச் சுண்ணாம்பு. நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியிருக்கும் கிச்சனர், குவெல்ஃப் பக்கங்களில் தண்ணீர் இதைவிடப் பல மடங்கு கடினம். அங்கே பில்ற்றர் மாதத்தைத் தாண்டுவது சந்தேகம். உப்புப் போட்டு மென்மையாக்கும் கருவி வீட்டில் இருந்தால் அந்தத் தண்ணீரும் தீர்வல்ல. கல்சியத்துக்குப் பதில் சோடியம் படியும், அவ்வளவுதான். மென்மையாக்காத குழாய் ஒன்று, பெரும்பாலும் வெளிக்குழாய் அல்லது சமையலறைக் குளிர்நீர்க் குழாய், இருந்தால் அதில் பிடியுங்கள்.

குளிர்காலத்தில் வீடு ஏன் இவ்வளவு காய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வெளியே மைனஸ் 10 பாகை, ஈரப்பதம் 80 வீதம் என்றால் ஒரு கனமீற்றர் காற்றில் இருப்பது 2 கிராமுக்கும் குறைந்த நீர். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 பாகைக்குச் சூடானால் ஈரப்பதம் 10 வீதத்துக்கு இறங்கிவிடும். சமையலும் குளியலும் ஆட்களின் மூச்சும் அதைக் கொஞ்சம் தூக்கிவிடும். இருந்தாலும் மூக்கு எரியும், உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஷொக் அடிக்கும். மிருதங்கம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தோல் இறுகிச் சுருதி ஏறும், கரணையில் வெடிப்பு விழும்.

இந்தப் பெட்டி எவ்வளவு செய்யும்? தாங்கி 1.1 கலன், அதாவது 4.2 லீற்றர். 12 சதுரமீற்றர் படுக்கையறை ஒன்றில் கதவை மூடி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை காற்று மாறுகிறது என்று வைத்தால், ஈரப்பதத்தை 10இலிருந்து 35இல் பிடித்து வைக்க மணிக்கு 65 கிராம் அளவு நீர் போதும். இரவு முழுவதற்கும் அரை லீற்றர். முதல் வேகத்திலேயே முடியும் வேலை. 100 சதுரமீற்றர் வீடு முழுவதற்கும் என்றால், காற்று அதைவிட மெதுவாக மாறினாலும் நாளுக்கு 8 லீற்றர் வேண்டும். இரண்டு தடவை நிரப்பி, சத்தமான மூன்றாம் வேகத்தில் ஓடவிட்டாலும் திணறும். ஆகவே இது ஓர் அறைக்கான பெட்டி. கொண்டோவிலோ வாடகை பேஸ்மென்ரிலோ இருப்பவர்களுக்குப் பொருந்தும். சொந்த வீட்டில் முழு வீட்டையும் சூடாக்கும் ஃபர்னஸ் இருந்தால் அதோடு பொருத்தும் ஹியூமிடிபயர்தான் சரி. முழு வீட்டுக்கும் வேண்டும், ஃபர்னஸில் கை வைக்க முடியாது என்பவர்கள் 3.6 கலன் கொள்ளும் ஏர்கேர் எம்.ஏ-1201 போன்ற பெரிய பெட்டியைப் பார்க்கலாம். ஈரப்பதத்தைத் தானே அளந்து நிற்கும் வசதி அதில் உண்டு.

எச்.சி.எம்-350இல் அந்த வசதி இல்லை. இதன் பெரிய குறை அதுதான். மூன்று வேகம், திருகும் குமிழ் ஒன்று, வேறொன்றுமில்லை. காற்று ஈரமாக ஆக ஆவியாவது தானே குறையும் என்பதால் அல்ட்ராசொனிக் போல அறையைத் தோய்த்துவிடாது. ஆனாலும் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடியும் அளவுக்குப் போகலாம். தனியாக ஓர் ஈரப்பதமானி வாங்கி வையுங்கள். அதையும் நம்பும் முன் சோதியுங்கள்: போத்தல் மூடியொன்றில் உப்பைப் போட்டுச் சில துளி நீர் விட்டுக் களியாக்கி, ஈரப்பதமானியோடு காற்றுப்புகாத பையில் ஓரிரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் 30 முதல் 40 போதும். வெளியே மைனஸ் 20க்குப் போகும் நாட்களில் யன்னல் விளிம்பு நனைந்தால் 25 அளவுக்கு இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சட்டத்தில் பூஞ்சணம் கறுப்பாக ஏறும். விட்ட இடத்திலேயே நிற்கும் குமிழ்ச் சுவிட்ச் என்பதால், குறித்த ஈரப்பதம் வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் பிளக்கிலும் இதைப் போடலாம். ஆனால் ஈரப் பில்ற்றர் விசிறியில்லாமல் மணிக்கணக்கில் சும்மா நின்றால் நாறத் தொடங்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இனிப் பராமரிப்பு. தாங்கியும் அடித்தட்டும் டிஷ்வாஷரில் போடக்கூடியவை. இந்தப் பெட்டியை நாங்கள் பரிந்துரைக்க முதற்காரணம் அதுதான், உள்ளே இருக்கும் புற ஊதா விளக்கு அல்ல. அந்த விளக்கு தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. தட்டின் மூலையில் படியும் வழுவழுப்பை அது கழுவித் தராது.

வாரம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, பில்ற்றரை வெளியே எடுத்துவிட்டு, அடித்தட்டில் ஒரு கப் வெள்ளை வினாகிரியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி 20 நிமிடம் விடுங்கள். பழைய பல்துலக்கியால் மூலைகளைத் தேய்த்தால் கல் உதிரும். கத்தியால் சுரண்ட வேண்டாம், கீறலுக்குள்தான் அடுத்த படிவு பிடிக்கும். நன்றாக அலசிய பிறகு, ஒரு கலன் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வீட்டு ப்ளீச் கலந்து தாங்கியில் ஊற்றி, எல்லாப் பக்கமும் நனையக் குலுக்கி, 20 நிமிடம் வைத்து, மணம் போகும்வரை அலசுங்கள். வினாகிரியும் ப்ளீச்சும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. குளோறின் வாயு கிளம்பும். இரண்டுக்கும் நடுவே அலசுவதில் சோம்பல் வேண்டாம்.

பில்ற்றர் எச்.ஏ.சி-504. ஒவ்வொரு தடவை தாங்கியை நிரப்பும்போதும் அதைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். அடிப்பாகம் எப்போதும் நனைந்திருக்க, கல் மேல்பாதியில்தான் கட்டும். திருப்பினால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். கல் ஏறிய பில்ற்றரைச் சம அளவு வினாகிரியும் தண்ணீரும் கலந்ததில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, பிழியாமல் குளிர்நீரில் அலசி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். இரண்டு மூன்று தடவைக்கு மேல் அது தாங்காது, கடதாசி தளர்ந்து உட்கார்ந்துவிடும். மாற்றும் நாளை நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சளான பில்ற்றர் இன்னும் நன்றாக உறிஞ்சலாம். புதுப் பில்ற்றர் போட்ட அன்று ஒரு தாங்கி எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்று தாங்கியிலேயே எழுதி ஒட்டுங்கள். அதே வேகத்தில் அது ஒன்றரை மடங்கு நீண்டால் பில்ற்றர் முடிந்தது. தொட்டுப் பார்த்தால் மேல்பாதி அப்பளம் போல விறைத்து உலர்ந்திருக்கும். புளித்த நாற்றம் வந்தால் கணக்குப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை நாலைந்து பில்ற்றர் போகும். அந்தச் செலவு பெட்டியின் விலையை நெருங்கும் என்பதால் மலிவான வேறு தயாரிப்புகளில் கண் போவது இயல்பு. சில பரவாயில்லை. உயரம் சற்றுக் குறைந்தாலோ வளைவு ஒட்டாமல் நின்றாலோ காற்று அந்த இடைவெளியால் போய்விடும், விசிறி வெறுமனே சுற்றும். ஒன்றை வாங்கிப் பொருத்திப் பார்க்காமல் ஆறு உள்ள பொதியை வாங்காதீர்கள்.

வைக்கும் இடம்: வெறுந்தரை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தேர்மோஸ்ரற்றுக்குக் கிட்ட வேண்டாம். குளிர்ந்த காற்று பட்டால் ஹீற்றர் தேவையில்லாமல் ஓடும். (ஒரு லீற்றர் ஆவியாக அறையிலிருந்து 0.7 யூனிற் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் போகிறது. அதை ஹீற்றர்தான் ஈடுசெய்கிறது, "கரண்டே பிடிக்காது" என்ற விளம்பரப் பேச்சில் இது வராது.) சமையலறைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். தாளிக்கும் எண்ணெய்ப் புகையை ஈரப் பில்ற்றர் அப்படியே பிடித்துக்கொள்ளும், பிறகு படுக்கையறை முழுக்க மீன்குழம்பு மணக்கும்.

தரையில் தண்ணீர் நின்றால் முதலில் தாங்கி மூடியின் புரியையும் வாஷரையும் பாருங்கள். தாங்கிக்குள் காற்றுப் புகாததால்தான் தண்ணீர் அளவாக இறங்குகிறது. மயிர்க்கோடு அளவு வெடிப்பு இருந்தாலும் காற்று உள்ளே போய் முழுத் தண்ணீரும் தட்டில் கொட்டிவிடும். பாவித்த பெட்டியை வாங்குபவர்கள் தாங்கியை நிரப்பி, மூடி கீழே இருக்கும்படி கவிழ்த்துக் கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். மூடியிலிருந்து சொட்டினாலோ மேலே காற்றுக் குமிழி தொடர்ந்து ஏறினாலோ அந்தத் தாங்கி சரிவராது. மூன்று வேகத்திலும் ஓடவிட்டு விசிறி உரசுகிறதா என்றும் கேளுங்கள். உள்ளே இருக்கும் பழைய பில்ற்றரை மட்டும் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.