கடைசி நாலு கட்டம்: அகராதியா, போனா, அப்புச்சியா?

ஞாயிற்றுக்கிழமை காலை கோபிசெட்டிபாளையத்தில் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்தால், டீ ஆறுவதற்குள் குறுக்கெழுத்தில் முக்கால்வாசி நிரம்பிவிடும். மீதி நாலைந்து குறிப்புகள்தான் மதியச் சோறு வரை கூடவே வரும். அந்த மீதிக்கு விடை தேட எங்கே போவது? எல்லா வழியிலும் போய்ப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரே மாதிரி கைகொடுப்பதில்லை.

முதலில் போன். அணை, ஆறு, ஆண்டு, ஆள் பெயர் என்று நேரடித் தகவல் கேட்கிற குறிப்புக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் இதைப் பாருங்கள்: "பையனைக் கூப்பிட்டு ஏணியின் கடைசியைச் சேர்த்தால் கோவைக்குக் குடிநீர் (4)." கோவைக் குடிநீர் என்று தேடினால் சிறுவாணியும் வரும், பில்லூரும் வரும். இரண்டுக்குமே நாலு கட்டம். பையனைக் கூப்பிட்டால் 'சிறுவா', ஏணியின் கடைசி 'ணி' என்று பிரித்துப் பார்க்கிற வேலை நம்முடையதுதான்.

சொல்விளையாட்டு இன்னும் கூடினால் தேடல் மொத்தமாகக் கைவிட்டுவிடும். "பூச்சியைத் தொடர்ந்து சாலை போனால் மஞ்சள் சந்தை (3)." இதை அப்படியே போனில் அடித்தால் மஞ்சள் பயிருக்கு வரும் பூச்சியைப் பற்றித்தான் படிக்க நேரும். ஈ, அப்புறம் ரோடு. ஈரோடு! இந்தச் சந்தோஷத்தை எந்தத் திரையும் எனக்குத் தந்ததில்லை.

எழுத்துக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு ஈரோடு மூன்று எழுத்து. கணினிக்கோ ஈ, ர, ஓகாரக் குறி, ட, உகரக் குறி என்று ஐந்து. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த சொல் தேடும் கருவியில் மூன்றெழுத்து என்று கேட்டால் ஈரோடு வராது. பேசுகிற செயலிகளும் பொருளை நன்றாகவே விளக்குகின்றன. ஆனால் நாலு கட்டத்துக்கு ஐந்தெழுத்துச் சொல்லைத் தயக்கமில்லாமல் நீட்டுகின்றன.

அடுத்தது அகராதி. இங்கேதான் எனக்குப் பிரியம் அதிகம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் அனுபந்தமும் சேர்ந்தது. கிடைத்த விடை சரிதானா என்று உறுதி செய்ய அதற்கு இணை இல்லை. விடையே தெரியாதபோது மட்டும் திணறவேண்டியிருக்கிறது. சொல் தெரிந்தால் பொருள் சொல்லும். நம் கையில் இருப்பதோ பொருள், தேடுவது சொல்.

அந்தத் திசையில் யோசித்தவர் வீரமாமுனிவர். 1732இல் அவர் முடித்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவுகள். பொருள் பிரிவில் ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஐம்பொறி, முக்கனி போன்றவை தொகையில் இருக்கும். தொடை, எதுகைச் சொற்களை வரிசைப்படுத்தியது. இரண்டாம் எழுத்து மட்டும் கையில் இருந்தால் அங்கே போகலாம். பாட்டு எழுதுகிறவர்களுக்காகச் செய்தது, கட்டம் நிரப்புகிற நமக்கும் அப்படியே பொருந்துகிறது.

"குதிரையோடு சுமை தலைகாட்டினால் ஜெயித்தவருக்குக் கிடைக்கும் (3)" என்றொரு குறிப்பு. புரவி, இவுளி, மா, பரி என்று குதிரைக்குரிய பெயர்களை வரிசையாகப் பார்த்தால், பரியோடு 'சு' சேர்ந்து பரிசு ஆகிவிடும். கூடவே, நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆ பசு, கோ அரசன், கா சோலை, பா பாட்டு. புதிர் போடுகிறவர்கள் இவற்றை விடவே மாட்டார்கள்.

ஊர்ச் சொல் வந்தால் அகராதியைத் தூக்குவதற்கு முன் பெரியவர்களைக் கேட்பேன். "வேலிகளுக்கு நடுவே வண்டிப்பாதை (4)" என்று வந்தது. நான் சந்து, தடம், கொடி வழி என்று சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், கேட்டேன்.

"அப்புச்சி, ரெண்டு வேலிக்கு நடுவுல போற தடத்துக்கு என்னங்க பேரு?"

"இட்டேரி, கண்ணு. நம்ம தோட்டத்துக்கு அதுலதான வர்றே?"

அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கிளுவை வேலியும் நடுவில் மண்ணும் எனக்கும் தெரியும், பேர்தான் மறந்திருந்தது. பெரியவர்களிடம் ஒரே சிரமம், கட்ட எண்ணிக்கை அவர்களுக்குப் பொருட்டில்லை. ஒரு சொல்லைக் கேட்டால் அதன் கதையும் சேர்ந்து வரும். எனக்கு அதுவும் வேண்டியதுதான்.

இத்தனை இருந்தும், ஒரே ஒரு வழிதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் பென்சிலைத்தான் எடுப்பேன். குறுக்கே வெட்டுகிற சொற்களை முதலில் முடிப்பது. நம் பத்திரிகைப் புதிர்களில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் விடை ஓடும். அதனால் எந்தத் திசையிலிருந்து எழுத்து வருகிறது என்று கவனித்து எழுத வேண்டும். மெதுவான வழிதான். ஆனால் போனோ, அகராதியோ, அப்புச்சியோ சொன்ன விடை இந்தப் புதிருக்குத்தானா என்று கட்டம் மட்டும்தான் சொல்லும்.

அன்றைக்கும் அப்படித்தான். இட்டேரி என்று அப்புச்சி சொல்லிவிட்டார், ஆனால் அதை இட்டேறி என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டுமே நாலு கட்டம். கடைசி எழுத்தை எழுதாமல் வைத்திருந்தேன். மேலிருந்து கீழாக வந்த பரிசின் நடு எழுத்து அந்தக் கட்டத்தில்தான் விழுந்தது. ரி.